நயினாதீவு நாகபூசணி அம்மனிட்டைப் போக: 74 வயது அம்மாவும் 6 மாதப் பிள்ளையும். எப்பிடித் திட்டம் போடுறது?

வெள்ளவத்தை நிலா:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பிலையிருந்து 6 பேராய் நயினாதீவுக்குப் போக இருக்கிறம். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வருத்தம். தம்பியின்ரை மகனுக்கு வாற மாதம் 6 மாதம் முடியுது, அம்மன் சந்நிதியிலை முதல் முதலாச் சோறு தீத்திறதா நேர்த்தி. எங்களோடை வாற குடும்ப நண்பர் ஒருத்தர் கத்தோலிக்கர். அவருக்கும் உள்ளை வந்து கும்பிட விருப்பம், ஆனால் முறை தெரியாது எண்டு தயங்குறார்.

தெரிய வேண்டியது இதுகள். ஆனித் தேருக்குப் போறதோ, ஆடி வெள்ளிக்குப் போறதோ? இரவு பஸ்ஸிலை யாழ்ப்பாணம் வந்து இறங்கி நேரே படகுத்துறை இருக்கிற குறிகட்டுவானுக்குப் போகலாமோ? அருச்சனைக்கும் அபிஷேகத்துக்கும் கொழும்பிலையிருந்து என்ன கொண்டு வர வேணும்? மச்சம் (மீன், இறைச்சி) எத்தினை நாளைக்கு முதல் விட வேணும்? அங்கை இருக்கிற பௌத்த நாகவிகாரைக்கும் ஒருக்காப் போகலாமோ?

தீவுப்பக்கத்தான்:

அக்கா, முதலிலை நாளைத் தீர்மானியுங்கோ. மற்றதெல்லாம் அதிலை தான் தொங்கி நிக்குது.

தேர் வேண்டாம். ஆனியிலை 16 நாள் திருவிழா. தேரும் தீர்த்தமும் பூரணையை ஒட்டி வரும். அந்த நாளிலை துறையிலை வெய்யிலுக்கை நிண்டு, நெருக்கத்துக்கை படகேறி, உள்ளை போனால் அம்மாவுக்கு இருக்க ஒரு தூண்கூடக் கிடையாது. சோறு தீத்திறதுக்கு ஐயாமாருக்கும் நேரம் இராது. தேர் பாக்கிறதெண்டால் கால் பெலமான ஆக்கள் வேறையா ஒரு முறை வாங்கோ.

ஆடி வெள்ளியும் அவ்வளவு வித்தியாசமில்லை. சனி, ஞாயிறு, போயா நாள், பள்ளிக்கூட விடுமுறை இந்த நாலும் இல்லாத ஒரு புதன் அல்லது வியாழன் தான் உங்களுக்குத் தோது. போயாவையும் சனி ஞாயிறையும் ஏன் விடச் சொல்லுறன் எண்டால், தெற்கிலையிருந்து நாகவிகாரைக்கு வாற சுற்றுலா பஸ்ஸுகள் அந்த நாட்களிலை தான் வரிசையா வரும். அவையும் நாங்களும் ஏறுறது ஒரே துறையிலை. பிள்ளையின்ரை நட்சத்திரம் பாத்து நாள் வைக்கிறதெண்டால், இப்பிடியான கிழமை நாளுகளுக்கை ரெண்டு மூண்டைப் பொறுக்கி சாத்திரியாரிட்டைக் குடுங்கோ. அவர் சொன்ன நாளுக்கு நாங்கள் ஓடுறதை விட இது சுகம்.

இரவு பஸ்ஸிலை இறங்கி நேரே போற யோசனையை விடுங்கோ. நித்திரையும் இல்லை, முழுக்கும் இல்லை. உடுப்பு மாத்த இடம் தேடி அலைஞ்சு முடிய 9 மணி தாண்டும். யாழ்ப்பாணத்திலை ஒரு இரவு தங்குங்கோ. அடுத்த நாள் 4:30க்கு எழும்பி முழுகி, தோய்ச்சுலர்ந்த உடுப்போடை 6 மணிக்கு வானிலை ஏறினால் எல்லாம் தானா ஒழுங்குக்கு வரும்.

பாதை சொல்லுறன். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, அதுக்குப் பிறகு வாணர் தாம்போதி தாண்டிப் புங்குடுதீவு, கடைசியிலை குறிகட்டுவான். 30 கிலோமீற்றருக்குச் சற்று மேலே. வானெண்டால் ஒரு மணித்தியாலம் வையுங்கோ. பஸ் 776, ஒண்டரை மணித்தியாலம் எடுக்கும், பிள்ளையோடை அது வேண்டாம். மண்கும்பான் பிள்ளையாரிட்டை இறங்கி ஒரு தேங்காய் உடைச்சிட்டுப் போறது கனபேரின்ரை வழமை, 10 நிமிசம் காணும். வேலணை வங்களாவடியிலை பால்மா, தண்ணி, மாத்தின காசு எல்லாத்தையும் பாத்துக் கொள்ளுங்கோ. அதுக்கங்காலை கடைகள் குறைவு.

மதியத்தை மனதிலை வையுங்கோ. உச்சிக்காலப் பூசை முடிய நடை சாத்துவினம், பேந்து பின்னேரம் தான் திறப்பினம். 11 மணிக்குப் போய் இறங்கிற ஆக்கள் அருச்சனையும் அரைகுறை, வலமும் அரைகுறையா ஓடுப்பட்டுத் திரியிறது இதாலை தான். 8 மணிக்குக் கோயில் வாசலிலை நிண்டால், எல்லாம் ஆறுதலா முடிச்சு உச்சிப்பூசையும் கண்டு, அமுதசுரபி அன்னதான மண்டபத்திலை சாப்பிட்டு, 2 மணிக்குத் திரும்பலாம்.

படகுத்துறை:

மேலை சொன்னதோடை படகுப் பாடும் சேத்துக்கொள்ளுங்கோ.

நெடுந்தீவுப் படகும் அதே துறையிலை தான் கட்டி நிக்கும். ஏற முதல் “நயினாதீவோ?” எண்டு வாய் திறந்து கேளுங்கோ. நெடுந்தீவுப் படகிலை ஏறினால் ஒரு மணித்தியாலக் கடல், அண்டைய நாள் போச்சு. நயினாதீவிலை இறங்குதுறை ரெண்டு, ஒண்டு அம்மன் கோயிலடி, மற்றது விகாரையடி. கோயிலடியிலை இறங்க வேணுமெண்டு சொல்லி ஏறுங்கோ. கோபுரம் நேரை முன்னாலை தெரியும்.

கடல் ஓட்டம் 20 நிமிசத்துக்குள்ளை. முழங்கால் வருத்தக்காரருக்குக் கஷ்டம் ஓட்டத்திலை இல்லை, ஏறி இறங்கிறதிலை தான். படகின்ரை விளிம்பும் துறையும் ஒரே மட்டத்திலை நிக்காது, அலை வந்தால் ஒரு அடி ஏறி இறங்கும். அம்மா முதல் ஆளாவும் வேண்டாம், கடைசி ஆளாவும் வேண்டாம். படகுக்கை ஒருத்தர், துறையிலை ஒருத்தர் நிண்டு, விளிம்பு மேலை வாற நேரம் பாத்து ரெண்டு கையையும் பிடிச்சு ஒரே எட்டிலை எடுக்க வேணும். இழுக்கக் கூடாது, இழுத்தால் முழங்கால் மடிஞ்சு போகும். மரப் படகுகளிலை இருக்கை கீழ்த்தட்டிலை, இறங்கிற வாசல் குறுகல், படி நெட்டு. அம்மாவை வாசலுக்குக் கிட்டின இருக்கையிலை இருத்துங்கோ, உள்ளுக்கை போனால் டீசல் மணமும் புழுக்கமும் பிரட்டும்.

பிள்ளையைத் தள்ளுவண்டிலிலை கொண்டு வராதேங்கோ. துணியாலை நெஞ்சோடை கட்டினால் தூக்கிற ஆளுக்கு ரெண்டு கையும் வெறுமையா இருக்கும். ஆனால் படகிலை இருந்த பிறகு கட்டை அவிட்டுக் கையிலை வைச்சிருங்கோ. பாதுகாப்பு அங்கி பெரியாக்களின்ரை அளவிலை தான் கிடைக்கும், பிள்ளையைக் கட்டி அதுக்கு மேலை அங்கி போடக் கூடாது.

ஆனியிலையிருந்து ஆவணி மட்டும் சோழகக் காத்து. காலமை கடல் படிஞ்சு கிடக்கும், வெய்யில் ஏற ஏறக் காத்தும் ஏறும். பின்னேரம் திரும்பிற படகிலை காத்துப் பக்கம் இருந்தால் பட்டுச் சேலை உப்புத் தண்ணியிலை குளிக்கும். கடைசிப் படகு எத்தினைக்கு எண்டு இறங்கேக்கையே கேளுங்கோ. எத்தினைக்கு எண்டு சொன்னாலும் அதுக்கு முந்தின படகிலை ஏறுங்கோ.

தோய்ச்சுலர்ந்த வேட்டி:

வழிபாட்டு முறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆண்கள் வேட்டி, சால்வை. மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். உங்கள் கத்தோலிக்க நண்பருக்கும் அதே முறைதான். வேட்டி கட்டி, சட்டை கழற்றி, கால் கழுவி அடக்கமாக வருபவரை யாரும் தடுத்துக் கேள்வி கேட்பதில்லை. சிங்கள மக்களும் இந்த அம்மனைக் கும்பிட்டுப் போகிறார்கள். அவர் திருநீறு வாங்க விரும்பினால் வலக்கையை இடக்கை மேல் வைத்து வாங்கட்டும். விருப்பமில்லையென்றால் கைகூப்பி விலகி நின்றால் போதும். வாங்கிவிட்டுத் தூணில் தட்டிவிடுவதுதான் பிழை. பெண்களுக்குச் சேலை அல்லது பாவாடை தாவணி. பஞ்சாபி போட்டால் சால்வை விரித்துப் போட வேண்டும்.

துடக்கு உள்ளவர்கள் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மரணத் துடக்கு 31 நாள் என்பது இங்கே பொதுவான கணக்கு. பிள்ளைத் துடக்கு உங்களுக்கு எப்போதோ கழிந்துவிட்டது, ஆகவே அதில் பிரச்சினையில்லை. மச்சம் விடுவதற்குச் சாத்திரத்தில் ஒரே அளவு கிடையாது. சாதாரண தரிசனத்துக்கு முதல் நாளும் அன்றும் மரக்கறி என்பது குறைந்த அளவு. நேர்த்தி வைத்திருக்கிறபடியால் 3 நாள் பிடியுங்கள். திரும்பி வரும் வழியில் புங்குடுதீவில் நண்டு வாங்கி வானில் ஏற்றுகிற பழக்கம் ஒன்றிருக்கிறது. பிரசாதப் பையும் நண்டுப் பையும் ஒரே இருக்கையின் கீழ் வருவது பார்க்க நன்றாயில்லை.

ஒழுங்கு இப்படி. கால் கழுவி, கோபுரத்தைக் கைகூப்பித் தொழுது உள்ளே போங்கள். விழுந்து கும்பிடுவது கொடிமரத்தடியில், பலிபீடத்துக்கு இப்பால் மட்டும். சந்நிதி கிழக்கு நோக்கியது, ஆகவே தலை வடக்கே இருக்க வேண்டும். ஆண்கள் அட்டாங்கம் (எட்டு உறுப்பு நிலத்தில் பட), பெண்கள் பஞ்சாங்கம் (ஐந்து உறுப்பு நிலத்தில் பட), மூன்று தரத்துக்குக் குறையாமல். உள்ளே பரிவார மூர்த்திகளின் முன்னால் விழுவதும், அபிஷேகம் நடக்கும்போது விழுவதும் முறையல்ல. அம்மா விழ வேண்டாம், நின்றபடி தலைக்கு மேல் கைகுவித்தால் அதுவே வணக்கம்.

முதலில் பிள்ளையாருக்குத் தலையில் குட்டித் தோப்புக்கரணம், பிறகு அம்மன். மூலத்தானத்தில் ஐந்தலை நாகமாகவும் அம்மன் எழுந்தருளியிருக்கிறாள். திரை போட்டிருந்தால் நீங்கும் வரை பொறுத்திருங்கள், திரை மூடியிருக்கும்போது வலம் வரக் கூடாது. அம்மனுக்கு வலம் 4 தரம். பிள்ளையாருக்கு 1, சிவனுக்கு 3 என்று பள்ளிக்கூடத்துச் சைவ பாடத்தில் படித்திருப்பீர்கள். உள்வீதியில் 4 சுற்று அம்மாவால் முடியாது, ஒரு சுற்று வந்து வசந்த மண்டபப் பக்கமாக இருந்தால் போதும். சண்டேசுவரியிடம் மெதுவாகக் கைதட்டி விடைபெறுங்கள், சேலை நூலைப் பிய்த்துப் போடாதீர்கள். வைரவர் கடைசி.

வெளிவீதி மணல். 11 மணிக்கு மேல் வெறுங்காலோடு நடக்க முடியாத சூடு. வெளிவீதி வலம் வருவதானால் வந்தவுடனேயே முடித்துவிடுங்கள்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். தேசிக்காயைப் பாதியாக வெட்டித் திருப்பி எண்ணெய் விட்டு விளக்கேற்றுவது இப்போது எங்கள் பக்கமும் பரவி வருகிறது. எண்ணெய் கல்லில் வழிந்து வழுக்குவதுதான் மிச்சம். உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான் அதில் விழுவார்கள். தேசிக்காயை மாலையாகக் கட்டிக் கொடுங்கள்.

கப்பல்பழம்:

சாமான் விசயத்துக்கு வாறன். கொழும்பிலையிருந்து ஒண்டும் காவ வேண்டாம். முதல் நாள் பின்னேரம் யாழ்ப்பாணத்திலை திருநெல்வேலிச் சந்தையிலை வாங்குங்கோ.

ஒரு அருச்சனைத் தட்டுக்குத் தேங்காய் 1, வாழைப்பழம் 2, வெத்திலை 5, பாக்கு, பூ, கற்பூரம், ஊதுபத்தி. தேங்காய் முடியோடை இருக்க வேணும், உடலிலை தும்பு இருக்கக் கூடாது. ஆட்டிப் பாத்தால் தண்ணி சத்தம் கேக்க வேணும், கண்ணடியிலை ஈரமோ பூஞ்சணமோ தெரிஞ்சால் வேண்டாம். அப்பிடிப் பாத்து வாங்கினாலும் ஒண்டு அழுகலா வரும், அதைச் சகுனமா எடுத்து அம்மாவைப் பயப்பிடுத்தாமல் மற்றதைக் குடுங்கோ. தட்டு 2 எண்டால் தேங்காய் 3. பழம் கப்பல் அல்லது இதரை, நல்லாப் பழுத்ததை வாங்கினால் வான் சூட்டிலை தோல் வெடிச்சுப் பூவெல்லாம் பிசுபிசுக்கும், ஒரு நாள் முந்தின பதத்திலை வாங்குங்கோ. கற்பூரம் மலிவெண்டு வாங்கினால் மெழுகு கலந்திருக்கும், எரிஞ்சு முடியக் கரி படியும். நல்ல கற்பூரம் மிச்சம் வைக்காமல் எரிஞ்சு போகும். பூ செவ்வரத்தை, அலரி, தாமரை. செவ்வரத்தை முதல் நாளே பிடுங்கினால் காலமை சுருங்கிக் கிடக்கும், அண்டைக்கு விடிய நீங்கள் தங்கிற வீட்டு வளவிலை கேட்டுப் பிடுங்குங்கோ. ஈரத் துணியிலை சுத்துங்கோ, பொலித்தீனுக்கை கட்டினால் வெந்து போகும்.

அபிஷேகத்துக்குப் பால் காவிறது தான் கனபேர் விடுற பிழை. அபிஷேகத்துக்குக் காய்ச்சாத பசுப்பால் தான். விடிய 5 மணிக்குக் கறந்த பால் வானிலை ஒரு மணித்தியாலம், துறையிலை அரை மணித்தியாலம், படகிலை எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலை எண்டு கிடந்தால் கோயிலடியிலை திரைஞ்சிடும். அதுக்குப் பிறகு ஐயாவிட்டை நீட்டி, அவர் வேண்டாமெண்டால் மனவருத்தம். கோயில் அலுவலகத்திலை அபிஷேகத்துக்குக் காசு கட்டி உபயமாச் செய்யுங்கோ, திரவியம் எல்லாம் அவை பாப்பினம். கையாலை ஏதும் குடுக்க வேணுமெண்டு இருந்தால் செவ்விளநீர் 2 கொண்டு போங்கோ, அது கெடாது. அம்மனுக்குச் சேலை குடுக்கிறதெண்டால் புதுசு, கறுப்பு இல்லாதது, விலைச் சிட்டையைக் கழட்டித் தட்டிலை வையுங்கோ.

6 பேரின்ரை பேரும் நட்சத்திரமும் ஒரு கடுதாசியிலை பெரிய எழுத்திலை எழுதி அருச்சனை ரிக்கற்றோடை குடுங்கோ. சனத்துக்கை நிண்டு கத்திச் சொன்னால் உத்தரட்டாதி உத்தராடமாப் போகும்.

குடிதண்ணி ஆளுக்கு ஒண்டரை லீற்றர். தீவுத் தண்ணி உவர்.

மூத்தம்மா கைப்பக்குவம்:

பிள்ளை, சோறு தீத்திறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஆண்பிள்ளைக்கு 6, 8 எண்டு இரட்டை மாதம், பெண்பிள்ளைக்கு ஒற்றை மாதம். உங்கட கணக்குச் சரி.

வீட்டிலை சமைச்சுக் கொண்டு போற சோத்தை மூலத்தானத்துக்குப் படைக்க ஏலாது, ஆகமக் கோயிலெண்டால் மடைப்பள்ளியிலை சமைச்சது மட்டும் தான் நைவேத்தியம். போக முதல் கோயிலோடை கதைச்சு அண்டைக்குப் புக்கை பொங்கக் காசு கட்டுங்கோ. “சோறு தீத்தல்” எண்டு குறிப்பாச் சொல்லுங்கோ. நேரத்தை அவை சொல்லுவினம், பிள்ளை நித்திரை கொள்ளுற நேரமெண்டால் அப்பவே சொல்லி மாத்துங்கோ.

சக்கரைப் புக்கையை அப்பிடியே பிள்ளையின்ரை வாயிலை வைக்கக் கூடாது. கசுக்கொட்டை, முந்திரிகை வத்தல், ஏலத் தோல் எல்லாம் இருக்கும், 6 மாதத் தொண்டைக்கு அது அடைக்கும். வெறும் சோத்துப் பருக்கை பத்தைப் பொறுக்கி, வெள்ளிக் கரண்டியின்ரை பின்பக்கத்தாலை நசிச்சு, கொதிச்சாறின தண்ணி விட்டுக் கூழாக்கி, நாக்கு நுனியிலை மூண்டு தரம் தொட்டு வைச்சால் சடங்கு நிறைவு. கூடத் தீத்தப் போனால் பிள்ளை சத்தி எடுக்கும், பட்டுச் சட்டையும் போச்சு. மோதிரத்தாலை தொட்டுத் தீத்திற வழக்கம் உங்கட வீட்டிலை இருந்தால், கல்லு வைச்ச மோதிரம் வேண்டாம், வெறும் பொன் மோதிரத்தைக் கொதிதண்ணியிலை போட்டு எடுங்கோ.

பஞ்சாமிர்தம் பிள்ளைக்கு ஒரு பொட்டும் குடாதேங்கோ. அதிலை தேன் இருக்கு. ஒரு வயதுக்கு உள்ளை தேன் ஆகாது, தேனிலை இருக்கக் கூடிய கிருமி பிஞ்சுக் குடலிலை பெருகி நஞ்சு விடும், தசை எல்லாம் சோந்து போகும். காய்ச்சினாலும் அந்தக் கிருமியின்ரை வித்து சாகாது. தீர்த்தத்திலை பச்சைக் கற்பூரம் போட்டிருப்பினம், அதையும் வாயிலை விடாமல் தலையிலை தெளிச்சு விடுங்கோ. கற்பூரச் சுவாலையிலை கையை ஒத்திப் பிள்ளையின்ரை கண்ணிலை வைக்கிற கை பெரியாக்களின்ரையா இருக்கட்டும், பிள்ளையைச் சுவாலைக்குக் கிட்டக் கொண்டு போக வேண்டாம். மேளச் சத்தத்துக்குக் காதிலை பஞ்சு.

நேர்த்தியிலை பிள்ளையை அம்மனுக்கு வித்து வாங்கிறதும் இருந்தால் அதைச் சோறு தீத்த முதல் செய்யுங்கோ. முறையையும் காசையும் கோயிலிலை கேளுங்கோ.

வெள்ளவத்தை நிலா:

அனைவருக்கும் மிக்க நன்றி. புதன்கிழமை எண்டு தீர்மானிச்சிட்டம், அபிஷேகம் உபயமாச் செய்யிறம். இன்னும் ரெண்டு விசயம். அன்னதானத்திலை வெறுமனே போய் இருந்து சாப்பிடலாமோ, காசு குடுக்க வேணுமோ? விகாரைக்குப் போறதெண்டால் எப்ப?

தீவுப்பக்கத்தான்:

அன்னதானத்துக்கு ஆரும் போய் இருக்கலாம், காசு கேக்க மாட்டினம். குடுக்க விருப்பமெண்டால் அங்கையே கட்டிச் சிட்டை வாங்குங்கோ, வாசலிலை ஆர் கேட்டாலும் குடாதேங்கோ. நிலத்திலை சப்பாணி கட்டித்தான் இருக்க வேணும், அம்மாவுக்கு ஒரு கதிரை தரச் சொல்லி முன்கூட்டியே தொண்டர் ஆரிட்டையும் சொல்லி வையுங்கோ. இலையிலை அளவாக் கேட்டு வாங்குங்கோ. அந்தத் தீவுக்குப் போற அரிசியும் மரக்கறியும் படகிலை ஏறித்தான் போகுது.

விகாரை சாப்பிட்ட பிறகு. கோயிலடியிலையிருந்து 10 நிமிச நடை, மத்தியான வெய்யிலுக்கு அம்மாவுக்கு ஓட்டோ பிடியுங்கோ. அங்கையும் செருப்பு, தொப்பி கழட்ட வேணும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேணும். ஆம்பிளையள் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு போங்கோ, கோயில் முறையும் விகாரை முறையும் இதிலை நேர் எதிர். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிண்டு படம் எடுக்காதேங்கோ. அங்கையிருந்து விகாரைத் துறையிலையே படகு ஏறலாம், ஆனால் ஏறேக்கை குறிகட்டுவான் போகுதோ எண்டு கேளுங்கோ. வான் சாரதியின்ரை தொலைபேசி இலக்கத்தை ரெண்டு பேரிட்டை எழுதி வைச்சிருங்கோ, படகிலை ஒரு தொலைபேசி நனைஞ்சாலும் மற்றதாலை கூப்பிடலாம்.